அணியில் ஓர் இடம்

திருநீர்மலை அடிவாரத்தை அடுத்த திடலில் வைகறை வேளையில் மாணவியர் சிலர் ஓடிப் பழகுவர். சுபுஹுத் தொழுகை முடித்துத் திரும்பும்போது அவர்களை நான் காண்பதுண்டு. அவர்களுள் ஒருத்தி சிறு வயதில் என்னிடம் ஓதியவள். இன்று கல்லூரி அணியில் 800 மீட்டர் ஓடுகிறாள். அண்மையில் அவளுடைய தந்தை என்னைத் தேடி வந்தார். "ஹஜ்ரத், பெரிய போட்டிகளுக்குப் போனால் பெண்தானா என்று சோதிப்பார்களாம். ஏதேனும் சொல்லிவிட்டால் பிள்ளையின் வாழ்வு என்னாவது? இத்துடன் நிறுத்திவிடட்டுமா?" என்று கேட்டார். உடனே விடை கூற என்னால் இயலவில்லை.

அவருடைய அச்சம் வீணன்று. புதுக்கோட்டை மாவட்டம் கத்தக்குறிச்சியில், செங்கற்சூளைத் தொழிலாளர் குடும்பத்தில் பிறந்த சாந்தி சௌந்தரராஜன், 2006 டிசம்பரில் தோஹா ஆசிய விளையாட்டில் இதே 800 மீட்டரில் வெள்ளிப் பதக்கம் வென்றார். சில நாட்களுக்குள், பாலினச் சோதனையில் தேறவில்லை என்று கூறி அதைப் பறித்தனர். பெண்ணாகவே வளர்ந்தவர் அவர்; ஊக்க மருந்து உண்டவரல்லர்; பொய்ச்சான்று காட்டியவருமல்லர். ஆயினும் அவருடைய உடலைப் பற்றிய செய்தி உலகெங்கும் பத்திரிகைகளில் ஏறியது. தமிழக அரசு 15 லட்சம் ரூபாய் பரிசளித்துத் தேற்றியது. எனினும், 2012-இல் அவர் செங்கற்சூளையில் கூலி வேலை செய்ய நேர்ந்தது. அரசின் நிரந்தரப் பயிற்றுநர் பணி, தோஹாவுக்குப் பின் ஏறத்தாழப் பத்தாண்டுகள் கழித்தே கிடைத்தது.

இதனால், ஆண் பெண் என்ற வரம்பே விளையாட்டில் வேண்டாம் என்பார் உளர். அது முறையன்று. 2012 லண்டன் ஒலிம்பிக்கில் கென்யாவின் டேவிட் ருடிஷா 800 மீட்டரை 1 நிமிடம் 40.91 வினாடியில் ஓடி முடித்தார். 1983-இல் உலகச் சாதனை படைத்த செக்கோஸ்லோவாக்கியப் பெண்மணிக்கு 1 நிமிடம் 53.28 வினாடி ஆயிற்று. வரம்பை நீக்கினால் எந்த இறுதிச் சுற்றிலும் பெண்ணொருத்தியைக் காண்பது அரிதாகிவிடும். ஆகவே அவ்வரம்பு பெண்களுக்கு அரணாகும்.

ஆனால் அரணைக் காப்பது எவ்வாறு? அமெரிக்காவில் ஐடஹோ மாநிலம் 2020-இல் முதலாவதாகச் சட்டம் இயற்றி, ஆணாகப் பிறந்தோர் பள்ளி, கல்லூரிப் பெண்கள் அணிகளில் சேர்வதைத் தடுத்தது. பின்னர் 25-க்கும் மேற்பட்ட மாநிலங்கள் அவ்வழி சென்றன. ஒரு மாணவியின் மீது ஐயம் எழுந்தால் உடலைச் சோதித்துத் தீர்க்கலாம் என்றும் ஐடஹோச் சட்டத்தில் எழுதப்பட்டது. உலகத் தடகள அமைப்போ, 2025 செப்டம்பர் முதல் உலகத் தரவரிசைப் போட்டிகளில் பெண்கள் பிரிவில் ஓடுவோருக்கு ஒருமுறை மரபணுச் சோதனையை விதித்தது. பின்னாளில் பால் மாறியோரைப் பற்றிய வாதம் தனியானது. அதில் நான் இங்கு நுழையவில்லை. பிறந்த நாள் முதல் பெண்ணென்றே அறியப்பட்டு, தன் உடலின் உள்ளமைப்பைத் தானே அறியாத ஒருத்தியைப் பற்றியே என் கவலை.

ஐயத்தைக் கையாளும் முறையை நம் ஃபிக்ஹு நூல்கள் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே ஆராய்ந்துள்ளன. ஆணென்றோ பெண்ணென்றோ துணிய இயலாதவரைக் 'குன்ஸா முஷ்கில்' என்று அவை குறிக்கும். வாரிசுரிமையில், ஐயமற்ற பங்கை அவருக்கு உடனே கொடுத்து, ஐயத்துக்குரியதை உண்மை தெளியும்வரை நிறுத்தி வைப்பது ஷாஃபிஈ மத்ஹபின் வழி. ஜமாஅத்துத் தொழுகையில் ஆண்கள் அணிக்கும் பெண்கள் அணிக்கும் இடையே அவருக்கு இடம் வகுத்தனர். இங்கு வரம்பும் அழியவில்லை. மனிதரும் பள்ளிவாசலுக்கு வெளியே நிறுத்தப்படவில்லை. சாந்தியை இவ்வகையினர் என்று நான் கூறவில்லை; அதைத் துணிய நான் யார்? சட்டம் மனிதரை நடத்தும் பாங்கையே சுட்டுகிறேன்.

'தொழுகையில் இடையணி வகுக்கலாம். ஓட்டப் பந்தயத்தில் முதலிடம் ஒன்றுதானே?' என்று கேட்பீர்கள். உண்மைதான். எல்லாருக்கும் பதக்கம் தர இயலாது. ஆனால் விதியை ஓட்டத்துக்கு முன்னரே அறிவிக்கலாம். சோதனையை உரியவரின் இசைவுடன் மறைவில் நடத்தி, முடிவை அவர் ஒருவருக்கே சொல்லலாம். நல்லெண்ணத்துடன் ஓடி வென்றதை, வென்ற பின் பறிக்காமல் இருக்கலாம். விலக்குவோர்தாம் தக்க ஆதாரம் காட்ட வேண்டும் என்பதும் நீதியே. 2014-இல் விலக்கப்பட்ட ஒடிஷாவின் துத்தீ சந்த் முறையிட்டபோது, விளையாட்டுத் தகராறுகளுக்கான லௌசான் நடுவர் மன்றம் ஆதாரம் போதாதென்று 2015-இல் அவ்விதியை நிறுத்தி வைத்தது. அவர் மீண்டும் ஓடினார். 2018 ஆசிய விளையாட்டில் இரு வெள்ளிப் பதக்கங்கள் வென்றார்.

ஒரு பிரிவில் ஓடத் தகுதியில்லை என்பது விதியின் முடிவு. அதைக் குற்றமாகவும் மானக்கேடாகவும் மாற்றுவது நம் நாவின் வேலை. பிறர் அந்தரங்கத்தைத் துருவி ஆராய்வதை மார்க்கம் தடுத்திருக்க, அதையே திண்ணைப் பேச்சாக்குவோர் நம்மிடையே இல்லையா?

மறுவாரம் அத்தந்தையிடம் சொன்னேன்: "பிள்ளை ஓடட்டும். என்றேனும் மருத்துவர் ஏதாவது சொன்னால், அது உங்கள் வீட்டுக்குள் இருக்கட்டும். அவள் செய்த பிழை அதில் ஒன்றுமில்லை என்பதை முதலில் நீங்கள் நம்புங்கள், அவளும் நம்புவாள்." அவர் நெடுநேரம் பேசவில்லை. பின்னர், "அவள் உம்மாவிடமும் இதைச் சொல்லிவிடுங்கள், ஹஜ்ரத்" என்றார்.