உடைமையும் உறைவிடமும்
(மலையக வாழ்வை முன்வைத்து ஓர் ஒழுக்கவியல் நோக்கு)

ஒருவன் ஒரு வீட்டில் வாழ்கிறான் என்பதும் அவ்வீடு அவனுடையது என்பதும் ஒன்றல்ல. முன்னையது ஒரு நிகழ்ச்சி. பின்னையது ஓர் உரிமை. இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட தூரத்தை, கொட்டகலையைச் சூழ்ந்த தேயிலைத் தோட்டங்களிலே பிறந்து வளர்ந்தோர் நூலறிவின்றியே அறிவர். பல தலைமுறைகள் ஒரே கூரையின் கீழ் வாழ்ந்த பின்னரும் அக்கூரையின் தகரமொன்றை மாற்றுவதற்குத் தோட்டக் காரியாலயத்தின் அனுமதியை வேண்டி நின்ற வாழ்வு அது. ஆயின், வீடொன்று ஒருவனுக்கு உரியதாவது எதனால்? உரியதாகிய பின் அவன் எவருக்கும் கட்டுப்பட வேண்டியதில்லையா? இவ்விரு வினாக்களையும் ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

லயன் அறை வாழ்விடமாகக் கருதப்பட்டதிலும் பார்க்க உழைப்பின் கருவியாகக் கருதப்பட்டதே அதிகம். கோப்பிக் காலத்தில் தோன்றி, 1867இல் ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரையில் தேயிலையைப் பயிரிட்டதன் பின் பெருகிய அவ்வரிசைக் குடியிருப்புகள், தொழிலாளியைப் பிரட்டுக்களத்துக்கு அண்மையில் வைத்திருப்பதற்காக எழுந்தவை. பத்தடிக்குப் பன்னிரண்டடி என்னும் அறையுள் ஒரு குடும்பம் அடங்கியது. வேலை இருக்கும் வரை வீடு; வேலை போயின் வீடும் போகும். துரையோடு முரண்படுபவன் கூலியை மட்டுமன்றித் தன் குழந்தைகள் உறங்கும் இடத்தையும் பணயம் வைத்தே முரண்பட வேண்டியிருந்தது. இந்நிலையின் தீமையை அறையின் சிறுமையில் மட்டும் காண்போர் பாதியையே காண்கின்றனர். உறைவிடத்தைக் கொண்டு ஒருவனது நாவைக் கட்டியமையே அதனினும் பெரிய தீமை. 1947இல் தலவாக்கலைத் தொகுதியிலிருந்து நாடாளுமன்றம் சென்ற சி. வி. வேலுப்பிள்ளை தமது நாவலொன்றுக்கு 'வீடற்றவன்' எனப் பெயரிட்டமை ஈண்டு நினைக்கத் தக்கது. 1948ஆம் ஆண்டின் பிரஜாவுரிமைச் சட்டம், வீடற்றவனை நாடற்றவனும் ஆக்கிற்று.

இனி, உரிமையின் அடிப்படை யாது? உழைப்பே உடைமையைத் தோற்றுவிக்கிறது என்பது ஆங்கிலத் தத்துவஞானி ஜோன் லொக்கின் கொள்கை. இதனை ஏற்பின், காட்டை அழித்துக் கொழுந்து மலையாக்கியவரின் சந்ததியார்க்கே இம்மலைகள் உரியனவாதல் வேண்டும். கேட்பதற்கு இனிய முடிபே. எனினும் அது முழுமையானதன்று. 1840ஆம் ஆண்டின் முடிக்குரிய காணிகள் கட்டளைச் சட்டத்தின் மூலம், உறுதி காட்ட இயலாத கண்டிக் குடியானவரின் மேட்டுநிலங்களும் முடிக்குரியனவாகக் கொள்ளப்பட்டன. அவர்களுக்கும் இம்மண்ணில் ஒரு நியாயம் உண்டு. ஓர் ஏழையின் உரிமையை நிலைநாட்ட மற்றோர் ஏழையின் இழப்பை மறைப்பது நீதியாகாது. ஆகவே, உழைப்பு ஒரு நியாயமேயன்றி ஒரே நியாயமன்று. அதனினும் உறுதியான நியாயம் ஒன்றுண்டு: பிறனது தயவின்றித் தங்குவதற்கோர் இடம் இல்லாதவன் சுதந்திர மனிதனாக நடத்தல் அரிது. இந்த நியாயம் மலையகத் தமிழனுக்கும் கண்டிச் சிங்களவனுக்கும் பொதுவானது. ஒருவனுக்கு வழங்குவதால் மற்றவனுக்குக் குறைவதன்று.

இவ்வளவுகோலால் அண்மைக்கால மாற்றங்களை அளந்து பார்ப்போம். 1972இன் காணிச் சீர்திருத்தச் சட்டம் தனியொருவர் வைத்திருக்கத்தக்க ஏனைய காணிக்கு 50 ஏக்கரை உச்சமாக்கியது. 1975இல் கம்பனித் தோட்டங்களும் அரசுடைமையாயின. 1992இல் நிர்வாகம் மீண்டும் கம்பனிகளின் கைக்குச் சென்றது. நிலத்தின் எசமானர் இவ்வாறு மாறினர். லயத்தில் வாழ்ந்தவரின் நிலை மாறவில்லை. இந்திய வீடமைப்புத் திட்டத்தின் கீழ் எழுந்த தனிவீடுகளுக்குப் பேசப்பட்டதும் ஏழு பேர்ச் காணியே. ஓர் ஏக்கர் 160 பேர்ச்சாகும். எனவே சட்டம் ஒருவனுக்குப் 'போதும்' எனக் கண்ட உச்சம் 8,000 பேர்ச். தொழிலாளிக்குப் 'போதும்' எனக் கண்டது ஏழு. ஏழு பேர்ச் என்பது ஏறத்தாழ 1,900 சதுர அடி. 550 சதுர அடி வீடு போக எஞ்சும் 1,350இல் பாதையும் மலக்குழியும் வடிகானும் மாட்டுத் தொழுவமும் மரக்கறிப் பாத்தியும் அடங்க வேண்டும். ஆயினும் இதனை எள்ளுவதற்கில்லை. உறுதி கையிலிருப்பின் அச்சிறு நிலம் நாவின் கட்டை அவிழ்க்கும். உறுதியற்ற புதுவீடோ வெள்ளையடித்த லயமேயாகும்.

அவ்வுறுதி யார் பெயரில் எழுதப்படுகிறது என்பதும் கேட்கப்பட வேண்டும். கொழுந்துக் கூடையைச் சுமப்பவர் பெரும்பாலும் பெண்கள். அவர்களது பெயர் காணியுறுதியில் இடம்பெறாதாயின், துரையின் தயவில் வாழ்ந்தவள் இனிக் கணவனின் தயவில் வாழ்வாள். எசமானர் பெயர் மாறுவது விடுதலையன்று.

இங்கு இரண்டாம் வினா எழுகிறது. இன்று கொழும்பிலும் வெளிநாட்டிலும் உழைக்கும் நம் இளைஞர் பலர், தோட்டத்துக்கு வெளியே சிறு காணியொன்றை விலைக்கு வாங்கி, எவரும் ஏனென்று கேட்காத வீடொன்றில் வாழ விழைகின்றனர். நெடுங்காலம் கேட்கப்பட்டவனின் நியாயமான வேட்கை அது. ஆனால் மலைச்சரிவில் முற்றிலும் தனித்த வீடு என ஒன்றில்லை. மேல்வீட்டார் திருப்பிவிடும் மழைநீர் கீழ்வீட்டாரின் சுவரை அரிக்கும். ஒருவர் வெட்டும் மண்வரம்பு மற்றவரின் அத்திவாரம். 2014 ஒக்டோபர் 29ஆம் நாள் கொஸ்லந்தை மீரியபெத்தையில் சரிந்த மலை, வீட்டுக்கு வீடு வேறுபாடு பார்க்கவில்லை. எனவே 'என் காணி, என் விருப்பு' என்பது மலைநாட்டில் ஒழுக்கமாகாது.

அவ்வாறாயின் பழைய கட்டுப்பாடே நன்றோ? அன்று. கட்டுப்பாடு உண்டா என்பது வினாவன்று; அதனை விதிப்பவர் யார் என்பதே வினா. தான் இயற்றிய விதிக்குத் தானே பணிவது அடிமைத்தனமன்று, சுதந்திரமே என்பது ரூசோவின் கருத்து. துரை விதித்த தடையும், அயலார் கூடி வடிகானைக் காக்கச் செய்துகொண்ட உடன்பாடும் வெளித்தோற்றத்தில் ஒன்றுபோலிருக்கலாம். முன்னதில் மனிதன் கேட்டு நிற்கிறான். பின்னதில் பேசி முடிவு செய்கிறான். அவ்வுடன்பாட்டிலும் வலியவர் குரலே ஓங்குமாயின், அதுவும் காலப்போக்கில் சிறு துரைத்தனமாகும். ஆதலின், விதி குறைவாகவும், அயலாருக்கு நேரும் தீங்கைத் தடுக்கும் அளவினதாகவும், அதற்குட்படுவோர் மாற்றத்தக்கதாகவும் இருத்தல் வேண்டும். வாசலிற் பூச்செடி வைப்பதற்கு எவர் அனுமதியும் வேண்டா. வடிகானை அடைப்பதற்கு எவருக்கும் உரிமையில்லை.

சுருங்கக் கூறின், உறைவிட உரிமை என்பது மூன்று கூறுகளை உடையது: வேலையோடு பறிபோகாத உறுதி, குடும்பத்தாருள் நீதியான பங்கு, அயலாரோடு தாமே செய்துகொண்ட ஒழுங்கு. முதலாவதை அரசு வழங்க வேண்டும். ஏனைய இரண்டையும் அரசு வழங்கும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. அவை நம் கையிலேயே உள்ளன. லயத்தை விட்டு வெளியேறுவோர் அதன் சுவரை மட்டும் விட்டு வெளியேறினாற் போதாது. அச்சுவருக்குள் ஒருவர் துன்பத்தில் மற்றவர் கூடி நின்ற பண்பையும் உடன்கொண்டு செல்லல் வேண்டும்.