நுரைக்கும் புட்டியும் நேமிநாதர் எச்சரிக்கையும்



கிறிஸ்துமஸ் நெருங்கினால் சென்னை ஆங்கிலோ இந்தியர் இல்லங்களில் திராட்சை மது ஊறவைப்பது வழக்கம். அவர்தம் மரபைக் குறை கூறுதல் நமக்கு அழகன்று. ஆயின் நம் இளைஞரும், “பழச்சாறும் சர்க்கரையும்தானே, எவ்வுயிரைக் கொன்றோம்?” என்று நுரைக்கும் மதுவை வீட்டில் செய்து பார்க்க விழைவதை மந்தைவெளியிலும் கேட்கிறோம். அவ்வினாவிற்கு விடை கூறுதல் பெரியோர் கடன்.

திராட்சைச் சாற்றிலுள்ள சர்க்கரையை ஈஸ்ட் என்னும் நுண்ணுயிர் உண்டு, ஆல்கஹாலையும் கரியமில வாயுவையும் வெளிவிடுகிறது. அம்மதுவில் லிட்டருக்கு ஏறத்தாழ 24 கிராம் சர்க்கரையும் மீண்டும் ஈஸ்ட்டும் சேர்த்துப் புட்டியை இறுக மூடினால், வாயு வெளியேற வழியின்றி மதுவிலேயே கரைகிறது. உள்ளழுத்தம் காற்று மண்டலத்தினும் ஏறத்தாழ ஆறு மடங்காகிறது; புட்டி வெடிப்பதும் உண்டு. உணவு தீர்ந்து மடிந்த நுண்ணுயிர்களே அடியில் வண்டலாகத் தங்குகின்றன. இப்புளிப்பு ஓர் உயிர்ச்செயல் என்று லூயி பாஸ்டர் 1857இல் எழுதினார். மது பல உயிர்களுக்குப் பிறப்பிடம் என்று அமிர்தசந்திர ஆசாரியர் புருஷார்த்தசித்தியுபாயத்தில் சுமார் ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே உரைத்தருளினார்.

“தோசை மாவும் புளிக்கிறதே?” எனலாம். நியாயமான வினாவே. விரதத்தை நுட்பமாகக் காப்போர் மாவையும் புளிக்க விடார். எனினும் மதுவை விலக்குதற்குச் சமந்தபத்திர ஆசாரியர் இரத்தினகரண்டக சிராவகாசாரத்தில் காட்டும் காரணம் பிரமாதம், அதாவது விழிப்பின்மை. தோசை உண்டவன் அறிவு மயங்குவதில்லை. மது உண்டவனோ எல்லா விரதங்களையும் காக்கும் விழிப்பையே இழக்கிறான்.

“நான் குடியேன், செய்து மட்டும் வைப்பேன்” என்பாரும் உளர். முன்னாளில் மயிலையில் கோயில் கொண்டிருந்தார் என நம் மரபு போற்றும் நேமிநாத சுவாமி, துவாரகை மதுவால் அழியும் என்றுரைத்ததை ஜினசேனரின் அரிவம்ச புராணம் கூறுகிறது. அது கேட்ட கண்ணன் நகரிலிருந்த மதுவையெல்லாம் வெளியே கொட்டச் செய்தான். கற்குழிகளில் தேங்கிய அதனை, ஆண்டுகள் பல கழித்து, தாகத்தோடு வந்த இளவரசர் பருகினர். வெறி மிகுந்து, தவத்திலிருந்த துவைபாயனரைக் கல்லால் அடித்தனர். அவர்தம் சினத்தீயில் நகரம் எரிந்தது. வேண்டாமென்று கொட்டிய மதுவே இத்துணைக் கேடு செய்ததெனில், அடுக்களையில் விரும்பி மூடிவைத்த மது என்ன செய்யாது? செய்தல், செய்வித்தல், உடன்படல் ஆகிய மூன்றும் வினைக்கு வாயில்கள் அன்றோ!

விருந்தினர்க்கு அப்பொழுது பிழிந்த பழச்சாற்றைக் கதிரவன் மறையுமுன் வழங்குவோம். பிள்ளைகளிடம் “கூடாது” என்பதோடு நில்லாமல், ஏன் கூடாது என்பதையும் எடுத்துரைப்போம். காரணம் அறிந்த பிள்ளை, நாம் உடனில்லாத இடத்திலும் விரதத்தைக் காக்கும்.

அறம் வளர்க!