அவரை காத்திருந்த இரவு

மொன்றியல் பார்க் எக்ஸ்டென்ஷனில் எங்கள் வீட்டின் பின்புறம் ஒரு கட்டில் அகலத்துக்குத்தான் மண் உண்டு. மிச்சமெல்லாம் சீமெந்து. இந்த நகரத்துக்கு வந்து பல குளிர்காலங்கள் போன பிறகுதான் அந்தத் துண்டு மண்ணில் எதையாவது நடவேண்டும் என்று தோன்றியது. முதலில் ஊன்றியது அவரை. மே மாதக் கடைசியில் ஊன்றினேன். ஏழாம் நாள் முளை தலைகாட்டியது. ஆடி பிறப்பதற்குள் கொடி வேலியைத் தாண்டி, பக்கத்து வீட்டுப் படிக்கட்டின் இரும்புக் கம்பியைப் பிடித்துவிட்டது. இலை ஒவ்வொன்றும் உள்ளங்கை அகலம். பார்த்தவர்கள் எல்லாரும் கைராசி என்றார்கள்.

ஆனால் கோடை முழுவதும் ஒரு பூக்கூட வரவில்லை. செப்டம்பர் நடுவில்தான் முதல் ஊதாப் பூங்கொத்து எழுந்தது. ஒக்டோபர் முதற்கிழமையில் விரல்நக நீளத்துக்குப் பிஞ்சுகள் தெரிந்தன. இரண்டு நாள் கழித்து இரவில் உறைபனி விழுந்தது. விடிந்து போய்ப் பார்த்தபோது கொடி முழுவதும் கொதிநீர் ஊற்றியதுபோலக் கறுத்துத் துவண்டு கிடந்தது. ஒரு பிஞ்சைக் கிள்ளி உடைத்தேன். உள்ளே விதை வைக்கத் தொடங்கியிருந்தது.

தண்ணீர் குறைந்ததோ, பசளை கூடியதோ என்று பல நாள் யோசித்தேன். காரணம் வானத்தில் இருந்தது. அவரையின் பழைய நாட்டினங்கள் பல, பகல் சுருங்கி இரவு நீண்டால்தான் பூக்கும். யாழ்ப்பாணத்தில் ஆண்டின் மிக நீண்ட பகல்கூட 12 மணி 45 நிமிடத்தைத் தாண்டாது. மொன்றியலில் ஜூன் 21 அன்று பகல் 15 மணி 40 நிமிடம் அளவுக்கு நீளும். செப்டம்பர் இரண்டாம் கிழமைக்குப் பிறகுதான் இங்கே பகல் யாழ்ப்பாணத்து அளவுக்குக் குறுகுகிறது. அதுவரை என் கொடி இலையை மட்டும் வளர்த்துக்கொண்டு, தனக்குத் தெரிந்த இரவுக்காகக் காத்திருந்தது. அந்த இரவு வந்தபோது கூடவே பனியும் வந்தது.

புதிதாகத் தோட்டம் தொடங்குகிறவர்கள் விதை, மண், தண்ணீர் மூன்றையும் பற்றித்தான் கேட்கிறார்கள். நானும் அப்படித்தான் கேட்டேன். காலத்தைப் பற்றிக் கேட்கவேண்டும் என்று தோன்றவே இல்லை. அம்மா புரட்டாதியில் அவரை ஊன்றுவார். மாரிமழையில் கொடி பந்தல் ஏறும். தைப்பொங்கலுக்கு அவரைக்காய்க் கறி இருக்கும். அந்தக் கணக்கு எனக்குள் கேள்வியில்லாமல் இருந்தது. விதையைக் கைமாற்றி வாங்கிவிடலாம். அது வளர்ந்த காலத்தை யாரும் கைமாற்றித் தரமுடியாது.

இந்த நகரத்துத் தமிழர்களில் பெரும்பாலோர் தாமாகத் திட்டமிட்டு வந்தவர்கள் அல்லர். இலங்கையின் 1983 ஆடிக் கலவரத்துக்குப் பிறகு சிறுகச் சிறுக வந்தார்கள். 1986 ஓகஸ்டில் நியூஃபவுண்ட்லாந்துக் கடலில் இரண்டு உயிர்காப்புப் படகுகளில் தத்தளித்த 155 தமிழர்களை மீனவர்கள் மீட்டார்கள். அவர்களில் பலர் பிறகு மொன்றியலுக்கும் ரொறன்ரோவுக்கும் வந்துசேர்ந்தார்கள். இப்படி வந்தவர்களில் செம்மண்ணில் மிளகாயும் வெங்காயமும் புகையிலையும் போட்டுப் பழகிய கமக்காரர்களும் இருந்தார்கள். கையில் தொழில் இருந்தது, காணி இல்லை.

அப்படி ஒரு அன்ரியிடம்தான் நான் தோட்டம் கற்றேன். யாழ்ப்பாணத்துக் கட்டுவனைச் சேர்ந்தவர். 1990-இல் வலிகாமம் வடக்கை விட்டு இடம்பெயர்ந்தார். அவருடைய காணி இராணுவத்தின் உயர் பாதுகாப்பு வலயத்துக்குள் போயிற்று. இங்கே மாநகராட்சியின் சமூகத் தோட்டம் ஒன்றில் பல வருடம் காத்திருந்து ஒரு பாத்தி பெற்றிருந்தார். மே மாதத்தில் ஒருநாள், வெயிலைக் கண்டு ஆசைப்பட்டு, கத்தரிக் கன்றுகளைத் தூக்கிக்கொண்டு அவரிடம் போனேன். அவர் கன்றைப் பார்க்கவே இல்லை.

“தம்பி, விரலை மண்ணுக்குள்ள விட்டுப் பாரும்.”

நடுவிரலை முழுதாக விட்டேன். மேல்மண் இதமான சூடு. இரண்டாம் கணுவுக்குக் கீழே பனிக்கட்டியைத் தொட்டதுபோல் இருந்தது.

“மேல வெயில் காயுது. வேருக்கு இன்னும் மாரிதான். மண் சொல்லுமட்டும் பொறும்.”

அதற்குப் பிறகு அவர் சொன்ன ஒழுங்கைத்தான் பின்பற்றுகிறேன். மிளகாயையும் கத்தரியையும் மார்ச் தொடக்கத்திலும், தக்காளியை அம்மாதக் கடைசியிலும் வீட்டுக்குள் தட்டுகளில் விதைக்கவேண்டும். மே நடுவில் கன்றுகளை ஒரு கிழமைக்குமேல் வெளிக்காற்றுக்குப் பழக்கவேண்டும்: முதல்நாள் நிழலில் ஒரு மணிநேரம், அடுத்தநாள் இரண்டு மணிநேரம் என்று கூட்டிக்கொண்டே போகவேண்டும். யன்னலோரத்தில் வளர்ந்த கன்றை நேரே வெயிலில் வைத்தால் இலை ஒரே பகலில் காகிதம்போல் வெளுத்துவிடும். மே 25-க்கு முந்தைய திங்கள் இங்கே விடுமுறை நாள். அதற்குப் பிறகே நடவு. பாகலும் புடலும் ஜூன் பிறந்த பின்புதான். அவரை வேண்டுமென்றால் பகல் நீளத்தைப் பொருட்படுத்தாத குத்தவரை இனம் தேடவேண்டும். முதல் வருடத்தில் நாலு பயிருக்கு மேல் ஆசைப்படக் கூடாது.

அவருடைய பாத்தி மூன்று மீற்றர் அகலம், ஆறு மீற்றர் நீளம். அந்தப் பாத்திகளுக்கும் ஒரு வரலாறு உண்டு. 1974-இல் சென்டர்-சூட் என்ற தொழிலாளர் பகுதியில் வீடுகள் எரிந்துபோயின. வெறுமையாகக் கிடந்த மனையில் பயிர்செய்ய இடம் வேண்டும் என்று அங்கிருந்த மக்கள் தாவரவியல் பூங்காவிடம் கேட்டார்கள். அங்கே பணியாற்றிய பியர் பூர்க், பின்னாளில் இந்நகரின் மேயரானவர், அதை முன்னெடுத்தார்; 1975-இல் சமூகத் தோட்டத் திட்டம் பிறந்தது. வீடு எரிந்த இடத்தில் மனிதர்கள் கேட்டது பாத்தி. இதை அறிந்த நாளிலிருந்து அன்ரியின் தோட்டத்தை நான் வேறு கண்ணால் பார்க்கிறேன்.

நகரத்து மண்ணை அப்படியே நம்பிவிடவும் முடியாது. 2006-ஐ ஒட்டி இங்கே சில சமூகத் தோட்டங்களின் மண்ணில் கன உலோகங்கள் இருப்பது தெரியவந்து, அவை மூடப்பட்டன. பழைய வீடுகளின் ஓரத்து மண்ணில் ஈயச் சாயம் உதிர்ந்திருக்கலாம். பிள்ளைகளுக்குச் சமைக்கப்போகும் கீரை அந்த மண்ணில்தான் வளரும். ஆகவே மண்ணைப் பரிசோதிக்கவேண்டும்; முடியாவிட்டால் பலகை அடித்துப் புதுமண் நிரப்பி அதில் நடவேண்டும். நாங்கள் வருவதற்கு முன்பே இந்த இடத்தில் எத்தனையோ பேர் வாழ்ந்து, தொழில்செய்து, குப்பை கொட்டிப் போயிருக்கிறார்கள். அதையும் மண் வைத்திருக்கிறது.

அதற்கும் முன்னால் சோளம் இருந்தது. 1535-இல் ஜாக் கார்த்தியே இத்தீவில் ஒஷெலாகா என்ற ஊருக்கு வந்தபோது அதைச் சுற்றிச் சோளவயல்கள் இருந்தன. இரக்குவா மக்கள் சோளம், பயற்றங்கொடி, பூசணி மூன்றையும் ஒரே மேட்டில் நட்டார்கள். சோளத்தண்டு கொடிக்குக் கொழுகொம்பு. பூசணி இலை மண்ணுக்கு நிழல். அவர்களுடைய பயறு இந்தக் கோடைக்குள் காய்த்து முடியும். எத்தனையோ தலைமுறைக் கைகள் இந்தப் பகலுக்கு ஏற்ற விதையைத் தெரிந்தெடுத்து வைத்ததன் பயன் அது. பின்னாளில் வந்த இத்தாலியர்கள் தங்கள் அத்திமரத்தை ஒவ்வோர் இலையுதிர்காலத்திலும் வளைத்து, குழிவெட்டி மண்ணால் மூடி, வசந்தத்தில் தோண்டி நிமிர்த்துகிறார்கள். ஊர் மரத்தையும் விடவில்லை, இந்த நாட்டுக் குளிரையும் மறுக்கவில்லை. இரண்டுக்கும் நடுவில் அவர்கள் கண்ட வழி வருடம்தோறும் முதுகு வலிக்கும் வேலை.

அவரை கருகிய அந்த ஒக்டோபரில், கொடியை அறுத்துக் குவித்த பிறகு, அன்ரி ஒரு பையில் உள்ளிப் பற்கள் கொண்டுவந்தார். இந்த நாட்டு உள்ளி. கூர் மேலே இருக்க, இரண்டு அங்குல ஆழத்தில், ஒரு சாண் இடைவெளிவிட்டு ஊன்றச் சொன்னார். மேலே உதிர்ந்த மேப்பிள் இலைகளைப் பரப்பினோம். ஊரில் எங்கள் வீட்டுக்கு உள்ளி கடையிலிருந்து வரும் சாமான். அதை யாரும் பாத்தியில் கண்டதில்லை. “இதுக்குக் குளிர் வேணும் தம்பி. குளிர் படாட்டிப் பல்லுப் பிரியாது” என்றார்.

நவம்பரில் பனி மூடியது. சமையலறை யன்னலால் பார்த்தால் கட்டில் அகலத்துக்கு வெள்ளையாக ஒரு மேடு. முன்பெல்லாம் அந்தப் பனியைத் தோட்டத்தின் முடிவாகவே பார்த்தேன். அந்த வருடம்தான் முதன்முதலாக, கீழே ஒன்று தனக்கு வேண்டிய குளிரை எடுத்துக்கொண்டிருக்கிறது என்ற நினைவோடு குளிர்காலத்தைக் கடந்தேன். ஜூலையில் இலைகள் கீழிருந்து மஞ்சளானதும் ஒன்றைப் பிடுங்கி மண்ணைத் தட்டினேன். பல் பிரிந்திருந்தது. அன்றிரவு அதைத் தட்டிப்போட்டு ரசம் வைத்தோம்.