பித்தன் என்றால் போதுமா?

துப்பாக்கியின் முழக்கம் அடங்குமுன் தீர்ப்பு முழங்கிவிடுகிறது. "கொன்றவன் பித்தன்" என்பார் ஒருவர். "அவன் உட்கொண்ட மருந்தே அவனைக் கொலைகாரனாக்கிற்று" என்பார் மற்றொருவர். பிணக்கூறாய்வு முடிந்திராது, குருதி ஆய்வு தொடங்கியும் இராது. ஆயினும், அமெரிக்க நாட்டில் ஒவ்வொரு கூட்டுக் கொலைக்குப் பின்னும், நோயின் பெயரும் மருந்தின் பெயரும் ஊரெங்கும் உலவத் தொடங்கிவிடுகின்றன. அறியுமுன் அறைவது அறமாகுமா? இதுவே நாம் எண்ணிப் பார்க்க வேண்டிய கேள்வி.

1999 ஏப்ரல் 20 அன்று, கொலராடோ மாநிலத்துக் கொலம்பைன் உயர்நிலைப் பள்ளியில் மாணவர் இருவர் துப்பாக்கி ஏந்தி, மாணவர் பன்னிருவரையும் ஆசிரியர் ஒருவரையும் சுட்டு வீழ்த்தினர். பின் தம்மையும் மாய்த்துக் கொண்டனர். அவ்விருவருள் ஒருவன் உடலில் உளநோய் மருந்து ஒன்று காணப்பட்டது. "கண்டோம் காரணத்தை!" என்று கூவினர் பலர். மற்றவன் உடலில் அம்மருந்து இல்லையே, அவனை ஏவியது எது? கூவியவர்கள் இதைக் கேட்கவில்லை.

2012 டிசம்பர் 14 அன்று, கனெக்டிகட் மாநிலத்துச் சாண்டி ஹூக் தொடக்கப் பள்ளியில் 20 குழந்தைகளும் 6 பெரியவர்களும் மடிந்தனர். கொன்றவன் இன்ன மருந்து உண்டவன் என்று வதந்தி பறந்தது. ஆய்வோ, அவன் உடலில் எம்மருந்தும் இல்லை என்று கூறிற்று.

நோய்க்கும் கொலைக்கும் எந்நாளும் தொடர்பில்லை என்று நாம் சாதிக்க வரவில்லை. 1966 ஆகஸ்டு 1 அன்று, டெக்சாஸ் பல்கலைக் கழகக் கோபுரத்தில் ஏறி மக்களைச் சுட்டவனின் மூளையில் கட்டி இருந்தது. ஆளுநர் அமைத்த வல்லுநர் குழு அதனை ஆராய்ந்தது. 'அதற்கும் பங்கு இருந்திருக்கலாம். ஆனால், தொடர்பைத் தெளிவாக நிறுவ இயலவில்லை' என்பதே அக்குழு கண்ட முடிவு. மூளையை ஆராய்ந்தவர் தயங்கினர். முகத்தையும் காணாதவர் முழங்குகின்றனர்!

மருந்துகளில் குறையே இல்லை என்றும் கூறோம். மனச்சோர்வு மருந்துகள் இளவயதினர் சிலரிடம் தற்கொலை எண்ணத்தை மிகுவிக்கக் கூடும் என்று, 2004இல் அமெரிக்க உணவு மருந்து நிருவாகம் எச்சரித்தது. ஆய்வு தந்த எச்சரிக்கை அது. அச்சம் பெற்ற வதந்தியை அதனோடு ஒன்றாக எண்ணலாமா?

பின் ஏன் இந்த அவசரம்? 'பித்தன்' என்ற ஒரு சொல் பலரை விடுதலை செய்துவிடுகிறது! கருவியை விற்றவன் விடுதலை. வெறுப்பை விதைத்தவன் விடுதலை. சட்டம் செய்யாது உறங்கியவன் விடுதலை. உளநோய் இல்லாத நாடு உலகில் இல்லை. ஆனால், அமெரிக்க மக்களின் கைகளில் இருந்த துப்பாக்கிகளோ, 2017ஆம் ஆண்டு மதிப்பீட்டின்படி, 39 கோடிக்கு மேல். தலைகளைவிடத் துப்பாக்கிகள் மிகுதி! கடும் உளநோய் அடியோடு ஒழிந்தாலும் அந்நாட்டு வன்முறையில் நூற்றுக்கு நான்கு பங்கு அளவே குறையும் என்பது, டியூக் பல்கலைக் கழகப் பேராசிரியர் ஜெஃப்ரி சுவான்சனின் கணிப்பு.

விளங்காததற்குப் பேய் என்று பெயரிட்டுப் பூசாரியிடம் ஓடியவனும், விளங்காததற்குப் பித்து என்று பெயரிட்டு ஓய்ந்துவிடுபவனும், ஒரே குட்டையில் ஊறிய மட்டைகளே. பேய் ஓட்டியபோது அடிபட்டவர் யார்? நோயாளி. இன்று அடிபடுபவரும் அவரே.

2021இல் அந்நாட்டில் துப்பாக்கியால் மாண்டோர் 48,830 பேர். அவருள் 26,328 பேர் தம்மைத் தாமே சுட்டுக் கொண்டவர். உள்ளம் நொந்தவர் கையில் உள்ள துப்பாக்கி பெரிதும் யாரைக் குறிபார்க்கிறது என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமா? அவரை மருத்துவரிடம் அழைத்துச் செல்வது நம் கடன். 'நாளைய கொலைகாரன்' என்று நாடே அவரைச் சுட்டுமானால், மருத்துவமனை வாயிலை மிதிக்க அவர் துணிவாரா? மிதித்தவரும் மருந்தை மறைத்து, மறந்து, இறுதியில் துறந்துவிட மாட்டாரா? வதந்தி பேசிய நாவுக்கு அச்சாவில் பங்கில்லையா?

'இன்னும் தெரியவில்லை' என்பது கோழையின் சொல்லன்று. பகுத்தறிவாளனின் முதற்சொல் அது. ஆய்வு பேசட்டும், அதுவரை நா அடங்கட்டும். இறந்தோர்க்காக அழுவோம், ஆனால், அக் கண்ணீரைக் கொண்டு, குற்றமற்ற நோயாளியின் நெற்றியில் குற்றவாளி என்று எழுதாதிருப்போம்.