இரண்டு ரூபாய் என்று சொன்னேன்

தோகா விமானம் அதிகாலை 3.40க்கு. நானும் அம்மாவும் இண்டூரிலிருந்து புறப்பட்டது முந்தின நாள் பகல் பன்னிரண்டு மணிக்கு. டவுன் பஸ்ஸில் தருமபுரி, அங்கிருந்து கிருஷ்ணகிரி, ஓசூர் வழியாகப் பெங்களூரு, பிறகு நகரத்தைக் கடந்து வடக்கே தேவனஹள்ளி. ஏழு மணி நேரத்தில் போய்ச் சேர்ந்துவிட்டோம். சாயங்காலம் கிளம்பியிருந்தாலும் போதும். "இருட்டறதுக்குள்ள பெங்களூர் போயிடணும்" என்றாள் அம்மா. இரவில் வாடகைக் கார் பிடிக்கலாம் என்றதற்கு, "முன்னப்பின்ன தெரியாத ஆளுகூட நடுராத்திரி ரெண்டு பொம்பளைங்களா?" என்றாள். நான் பதில் சொல்லவில்லை. எனக்கும் அந்த பயம்தான். அம்மா சொன்னால் அது பழைய காலத்துப் பேச்சு, நான் சொன்னால் முன்ஜாக்கிரதை, அவ்வளவுதான் வித்தியாசம்.

தங்கைக்குப் பிரசவம். பிள்ளைத்தாய்ச்சியைக் குளிப்பாட்ட, பத்தியச் சாப்பாடு செய்ய, இரவெல்லாம் குழந்தையைத் தூக்கிக்கொண்டு நடக்க, மூன்று மாதத்துக்கு அம்மா போகிறாள். விசாவில் இதற்குப் பெயர் சுற்றிப் பார்ப்பது.

புறப்படும் முன் இரண்டு நாட்களாக நான் செல்பேசியில் லவுஞ்ச் தேடிக்கொண்டிருந்தேன். என் கிரெடிட் கார்டுக்கு ஒன்றில் இரண்டு ரூபாய் பிடித்துக்கொண்டு உள்ளே விடுவார்கள், ஆனால் ஒரு ஆளுக்கு மட்டும். இன்னொன்றில் பணம் கட்டினால் இரண்டு பேரும் போகலாம். எதில் சாய்வு சோபா, எதில் குளிக்க வசதி, எதில் தோசை உண்டு என்றெல்லாம் ஒப்பிட்டுப் பார்த்தேன். அம்மா கேட்டது ஒன்றே ஒன்று: "அங்க காலை நீட்டலாமா?" அவளுக்கு மூட்டுவலி.

நான் யோசிக்காமல் விட்டது கடிகாரத்தை. செக்-இன் கவுன்டர் திறப்பதே விமானத்துக்கு மூன்று மணி நேரம் முன்புதான். லவுஞ்ச் இருப்பதோ பாதுகாப்புச் சோதனைக்கு அப்பால். ராத்திரி பதினொன்றரைக்கு வீட்டு வாசலில் கார் ஏறுகிறவருக்குப் பொருந்துகிற ஏற்பாடு அது. பகலிலேயே வந்துவிடுகிறவள் அதற்கு முந்தைய ஐந்தாறு மணி நேரத்தை எங்கே வைப்பாள் என்ற கேள்வி அந்தக் கணக்கில் வரவே இல்லை. இரும்பு நாற்காலியில் உட்கார்ந்தோம். அம்மா கிருஷ்ணகிரிக்கு முன்பிருந்தே தண்ணீர் குடிக்கவில்லை. வழியில் கழிப்பறை எப்படி இருக்குமோ என்று ஆயுசு முழுக்கப் பழகிய தாகம். இங்கே சுத்தமான கழிப்பறை இருக்கிறது என்று காட்டிய பிறகும் அரை டம்ளர்தான் குடித்தாள்.

விமானப் பயணத்தின் சொகுசு யாரை மனதில் வைத்து உருவானது என்பதற்கு ஒரு கதை உண்டு. அமெரிக்காவில் யுனைடெட் ஏர்லைன்ஸ் 1953 முதல் 1970 வரை நியூயார்க்குக்கும் சிகாகோவுக்கும் இடையே ஆண்கள் மட்டும் ஏறும் விமானம் ஓட்டியது. சுருட்டு உண்டு, இறைச்சி விருந்து உண்டு. பெண் என்றால் பரிமாறுகிறவள் மட்டும். இன்று எந்த லவுஞ்சும் ஆணா பெண்ணா என்று கேட்பதில்லை, கார்டைத்தான் கேட்கிறது. அந்தக் கார்டு யார் கையில் அதிகம் இருக்கிறது என்று நம் வீடுகளில் எண்ணிப் பார்த்தால் தெரிந்துவிடும்.

ஒன்றரை மணிக்கு லவுஞ்ச் வாசலில் நின்றோம். விலை தெரிந்தால் அம்மா திரும்பிவிடுவாள். "நீ போய் சாப்ட்டுட்டு வா, நான் பையப் பாத்துக்கறேன்" என்று ஏற்கெனவே இரண்டு முறை சொல்லிவிட்டாள். அதனால் அவளுக்கும் சேர்த்துப் பணம் கட்டிவிட்டு, ஆளுக்கு இரண்டு ரூபாய் என்று சொன்னேன்.

உள்ளே போய்க் காலை நீட்டினாள். பொங்கலையும் பழத்தையும் பார்த்தாள். பிறகு கேட்டாள்: "கவர்மென்ட்டா கண்ணு? நம்ம ஊரு பஸ்ஸு மாதிரியா?"

2021 மே மாதத்திலிருந்து சாதாரண நகரப் பேருந்தில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. அன்று பகல் இண்டூரில் அப்படித்தான் ஏறி வந்தோம். நடத்துநர் அவளை யாரென்று கேட்கவில்லை, எந்த வங்கி என்றும் கேட்கவில்லை. ஆகவே அவளுக்கு இது இயல்பான முடிவுதான். நான் இல்லை என்றேன். "ரெண்டே ரூபான்னா, வெளிய உக்காந்திருக்கற பொண்ணுங்கள ஏன் விடல?"

என் பொய்யிலிருந்து பிறந்த கேள்வி அது. உண்மையைச் சொல்லியிருந்தால் கேட்டிருக்கமாட்டாள். காசு இருக்கிறவங்க போறாங்க என்று ஒப்புக்கொண்டிருப்பாள். விலையை மறைத்ததும் அநியாயம் அவள் கண்ணுக்குத் தெரிந்துவிட்டது.

எங்கள் தருமபுரி பழைய தகடூர். அதியமான் பரிசில் தராமல் காலம் நீட்டித்தபோது ஔவையார் வாயிற்காவலனைப் பார்த்துப் பாடியது புறநானூற்றில் 206ஆம் பாட்டாக இருக்கிறது. மூட்டையைக் கட்டிக்கொண்டு கிளம்புவேன், கலை தெரிந்தவர்களுக்கு எந்தப் பக்கம் போனாலும் சாப்பாடு கிடைக்கும் என்பது அவர் பேச்சு. பள்ளியில் அதைப் பெண்ணின் தன்மானம் என்று படித்தோம். இன்றும் அப்படித்தான் படிப்பேன். ஆனால் வாசலில் நிற்கும் எல்லோராலும் அப்படிச் சொல்லிவிட முடியாது. பிள்ளை பெற்றவளைப் பார்த்துக்கொள்வது கலை என்று எந்த அரசனும் அம்மாவிடம் சொன்னதில்லை.

லவுஞ்சில் மேசை துடைத்துக்கொண்டிருந்த பெண்ணிடம் அம்மா, "செத்த உக்காரு கண்ணு" என்றாள். அவள் சிரித்துக்கொண்டே கண்ணால் கேமராவைக் காட்டினாள். அத்தனை காலி நாற்காலிகளுக்கு நடுவில் நின்றுகொண்டிருந்தாள். கோழிக்கோட்டில் துணிக்கடைப் பெண்கள் கழிப்பறைக்கும் நாற்காலிக்கும் போராடிய பிறகு 2018இல் கேரளம் சட்டம் திருத்தியது. 2021இல் தமிழ்நாடும் கடைகளில் வேலை செய்கிறவர்களுக்கு இருக்கை தரவேண்டும் என்று திருத்தியது. உட்காருவதற்கு ஒரு சட்டம் வேண்டியிருந்தது என்பதை நினைத்தால் எனக்கு இன்னும் கூச்சமாக இருக்கிறது.

அந்த லவுஞ்சில் உட்கார்ந்தது தப்பு என்று நான் நினைக்கவில்லை. உனக்கு எதுக்கு என்று சொல்லிச் சொல்லியே வளர்த்த பெண்களிடம் மறுபடி துறவு கேட்பதில் எனக்கு உடன்பாடில்லை. அம்மாவின் முட்டிக்கு அந்த சோபா வேண்டியிருந்தது. என்னைக் குடைவது வேறு. கல்லூரி நாட்களில், பேருந்து நிலையத்தில் பெண்கள் கழிப்பறைக்குத் தாழ்ப்பாள் இல்லை என்று நானும் தோழிகளும் மனு எழுதினோம், இரண்டு முறை. தாழ்ப்பாள் வந்ததா என்று எனக்குத் தெரியாது. ஏனென்றால் சம்பளம் வந்த பிறகு நான் அங்கே போகவில்லை. எனக்கென்று தாழ்ப்பாள் உள்ள கதவுகளை வாங்கிக்கொண்டேன். அன்றிலிருந்து ஒரு மனுவும் எழுதவில்லை. வசதி என்னைக் கெடுத்துவிட்டது என்று சொன்னால் மிகை. வாயை மூட வைத்தது என்று சொல்லலாம். இரண்டு நாள் உட்கார்ந்து லவுஞ்ச் ஒப்பிட்ட அதே விரலால் ஒரு புகார் எழுதியிருக்க முடியும்.

நான் ஒரு வாரத்தில் திரும்பிவிட்டேன். அம்மா மூன்று மாதம் கழித்துத் தனியாக வந்தாள். இரவு ஒரு மணிக்கு இறங்கியவள், நான் கார் அனுப்புவதாகச் சொல்லியும் கேட்கவில்லை. விடிந்த பிறகுதான் பஸ் ஏறினாள். அந்த நாலு மணி நேரம் என்ன செய்தாய் என்று கேட்டேன்.

"சேர்ல உக்காந்துனு இருந்தேன். பக்கத்துல ஒரு பொண்ணு, கடப்பாவாம், குவைத்துல வூட்டு வேலை செய்யுதாம். அது பேசறது எனக்குப் பாதி புரியல. மொதல்ல அது தூங்குச்சு, ரெண்டு பையவும் நான் பாத்துக்கினேன். அப்புறம் நான் காலை நீட்டிப் படுத்தேன், அது முழிச்சினு இருந்துச்சு."