தீர்த்தம் யாருக்கு?

ஜப்பானின் பழைய பாணி விடுதியான ரியோகானில், அறையோடு சேர்ந்த தனி வெந்நீர்த் தொட்டிக்குத்தான் இன்று மவுசு. பாய் விரித்த அறை, அதை அடுத்து மரத்தொட்டி, இரவும் பகலும் அதில் விழும் ஊற்றுநீர். நம் கிழக்குக் கடற்கரைச் சாலையின் சொகுசு விடுதிகளிலும் தனிக்குளம் வைத்த அறைகள் வந்துவிட்டன. உடம்பு அசதி தீர என்று சொன்னால் யாருக்கும் ஆட்சேபம் இல்லை. ஆன்மிக அனுபவம் என்று விற்கும்போதுதான் கேள்வி எழுகிறது: பிறர் கால் படாத நீருக்குப் புனிதம் உண்டா? இல்லை என்பதே என் முடிபு. ஒரு நீர்நிலை தீர்த்தமா என்பதை, அது யாரையெல்லாம் இறங்கவிடுகிறது என்பதை வைத்தே சொல்ல முடியும்.

ஜப்பானின் குளியல் மரபே இதற்குச் சாட்சி. அங்கே பௌத்த மடங்கள் ஏழைகளுக்கும் நோயாளிகளுக்கும் வெந்நீர்க் குளியலைத் தானமாக அளித்தன. 8-ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த பேரரசி கோமியோ, ஆயிரம் பேரைத் தன் கையால் குளிப்பாட்டுவதாக நேர்ந்துகொண்டாளாம். ஆயிரமாவதாக வந்தவர் மேலெல்லாம் சீழ் வடியும் தொழுநோயாளி. அவரையும் தேய்த்துக் கழுவி, அவர் கேட்டபடி சீழை வாயால் உறிஞ்சியும் எடுத்தாள். வந்தவர் புத்தராகக் காட்சி தந்தார். இதை வரலாறாகக் கொள்ள வேண்டியதில்லை. குளியலில் எது புண்ணியம் என்று அந்தச் சமூகம் நினைத்தது என்பதற்கு இந்தக் கதை போதும். அதே நாட்டில் 2003-இல், குமாமோட்டோவின் குரோகவா வெந்நீரூற்றில், நோய் குணமாகி வெகுகாலமான முன்னாள் தொழுநோயாளிகளை ஒரு விடுதி தங்கவிட மறுத்தது. மற்ற விருந்தினருக்குச் சங்கடமாம். செங்கல்பட்டுக்காரர்களுக்கு இது எங்கோ நடந்த சேதி அல்ல. 1924-இல் செங்கல்பட்டை அடுத்த திருமணியில் தொழுநோயாளிகளுக்கென்று தொடங்கிய இல்லம்தான் பின்னர் மத்திய அரசின் ஆராய்ச்சி நிறுவனமானது. மூழ்கினால் குட்டம் தீரும் என்று தலபுராணம் சொல்லும் குளங்கள் நம்மிடம் ஏராளம். குட்டம் வந்தவரை ஊரோடு சேர்ந்து மூழ்கவிட்ட படித்துறைகள் எத்தனை?

நம் குளங்கள் என்றைக்கு எல்லோருக்கும் பொதுவாக இருந்தன என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. குடிநீர்க் குளத்தில் தலித்துகள் ஒரு கை நீர் அள்ள, 1927 மார்ச் 20 அன்று மகாராஷ்டிரத்தின் மகாட் நகரில் அம்பேத்கர் ஒரு போராட்டமே நடத்த வேண்டியிருந்தது. ஆனால் இது என் வாதத்துக்கு வலுவே சேர்க்கிறது. ஒரு சாதி மட்டும் இறங்கிய குளம், பல குடும்பங்கள் சேர்ந்து வைத்துக்கொண்ட தனித்தொட்டிதான். மாசி மகப் பௌர்ணமிக்கு மாமல்லபுரம் கடற்கரையில் கூடும் இருளர்களைப் பாருங்கள். மணலில் கழி நட்டுச் சேலையைச் சுற்றிய கூடாரமே அவர்களுக்கு விடுதி. விடியலில் அலையோரம் மணலிலேயே படி அமைத்துக் கன்னியம்மனுக்குப் பூசை. அங்கேயே பெண் பார்ப்பதும் தாலி கட்டுவதும். யாரும் வேலி போட்டுக்கொள்ள முடியாத கடல் அவர்களுக்குத் தெய்வமாக இருக்கிறது.

நதி நதியாக மூழ்கி ஆவதென்ன, இறைவன் எங்கும் இருப்பதை உணர்வதல்லவா வேண்டும் என்று அப்பரே கேட்டுவிட்டாரே என்பார்கள். அப்படி எங்கும் இருப்பவன் அடுத்த படியில் இறங்குபவர் உடம்பிலும் இருக்கிறான். அவரை வெளியே நிறுத்திவிட்டு எதை உணர்வது? கூச்சமும் முதுமையும் பற்றிய மறுப்புதான் எனக்குக் கனமாகப் படுகிறது. ஈரச்சேலையோடு நூறு கண்களுக்கு நடுவே கரையேறும் பெண்ணுக்கும், பாசிப்படியில் கால் வைக்க அஞ்சும் கிழவருக்கும் மறைவும் பிடிமானமும் வேண்டும். அதற்காகக் குளத்தை ஆளுக்கொரு தொட்டியாக்க வேண்டியதில்லை. திருக்கழுக்குன்றத்துச் சங்கு தீர்த்தத்தில், குரு கன்னி ராசிக்கு வரும்போது 12 ஆண்டுக்கு ஒருமுறை புஷ்கர மேளா நடக்கும். 2016-இல் நடந்தது, அடுத்தது 2028-இல். அதற்குள் படிகளுக்குக் கைப்பிடியும், பெண்கள் உடைமாற்றக் கதவுள்ள அறைகளும், சக்கர நாற்காலி நீர் வரை இறங்கச் சரிவுப் பாதையும் கட்டிவிடலாம். அறநிலையத் துறையும் ஊர்ப் பெரியவர்களும் இந்த வேலையை இப்போதே தொடங்க வேண்டும்.