ஓடிவந்த பிள்ளை யாருடைய உடைமை?

பழனி மலை ஏறும் பக்தரைக் கேளுங்கள் தோழர்களே, ஆண்டவன் அங்கு ஏன் வந்து நின்றான் என்று. கதை சொல்வார். கனி ஒன்று வந்ததாம். உலகை முதலில் சுற்றி வருபவனுக்கே அது என்றார்களாம். இளையவன் மயிலேறி உண்மையாகவே சுற்றினான். மூத்தவன் பெற்றோரைச் சுற்றிப் பழத்தைப் பெற்றான். வீட்டிலே தனக்கு மதிப்பில்லை என்று கண்ட இளையவன் வெளியேறி மலைமீது நின்றான். கதையை நாம் நம்பவில்லை. எனினும் அதைக் கட்டியவன் குழந்தை மனத்தை அறிந்தவன் என்பதை ஒப்புக்கொள்வோம். கயிலையிலே கனிக்கா பஞ்சம்! கணக்கிலே தான் சேர்க்கப்படவில்லை என்ற எண்ணமன்றோ அவனை விரட்டிற்று!

அந்தப் பிள்ளைக்குக் காவடி! அதே காரணத்தால் ரயிலேறி வந்து எழும்பூர் நிலையத்திலே விழித்து நிற்கும் பன்னிரண்டு வயதுப் பிள்ளைக்கோ, 'நன்றி கெட்டவன்' என்ற பட்டம். பெண்பிள்ளையானால் ஏசலும் போதாது. ஆண் ஓடினால் கோபம், பெண் ஓடினால் மானக்கேடு!

"சோறு போட்டோம், துணி கொடுத்தோம், பள்ளிக்கு அனுப்பினோம், என்ன குறை வைத்தோம்?" என்பர் இல்லத்தார். பொய்யன்று. அண்ணனின் மதிப்பெண்ணைப் பற்றி மாலை முழுதும் பேச்சு. நோயுற்ற தங்கையைச் சுற்றி இரவு முழுதும் கவலை. இடையிலே ஒருவன் உண்டான், உறங்கினான். ஒரு வாரமாக அவன் வாய் திறக்கவில்லை என்பதை எவரும் காணவில்லை. கொடியவர் எவரும் அந்த வீட்டில் இல்லை. அதனாலேயே தன் குறையைச் சொல்ல அவனுக்குச் சொல் கிடைப்பதில்லை. அடிபட்டவன் தழும்பைக் காட்டலாம்; பாராமுகத்தை எதைக் கொண்டு காட்டுவான்?

நன்றிக்கடன் என்கிறார்களே, முதலில் கடன்பட்டவர் யார்? ஜெர்மானியத் தத்துவ அறிஞர் கான்ட், 1797-இல் வெளியிட்ட அறநூலிலே இதற்கு விடை தந்தார். பிள்ளையின் இசைவைக் கேளாமலே அதை உலகிற்குக் கொண்டுவந்தவர்கள் பெற்றோர். ஆகவே அது தன் நிலையிலே மனநிறைவு கொள்ள இயன்றதைச் செய்வது அவர்கள் கடமை என்பது அவர் கருத்து. நம் வள்ளுவரும் மக்கட்பேற்றிலே தந்தையின் கடமையை 67-ஆம் குறளில் வைத்தார். மகனின் கைம்மாறு 70-ஆம் குறளில்தான் வருகிறது. அந்தத் தந்தைக்கும் சோறு போடும் வேலையை அவர் விதிக்கவில்லை. அவையிலே மகனை முன்னிற்கச் செய் என்றார். வீட்டுத் திண்ணையிலேயே கடைசியில் நிற்பவனை அவையிலே எங்கே தேடுவது?

ஆனால் அதே கான்ட், ஓடிய பிள்ளையை, வழிதப்பிய வீட்டு விலங்கைப் பிடிப்பது போலப் பெற்றோர் பிடித்துவரலாம் என்றும் எழுதிவிட்டார். பிள்ளை உடைமையன்று என்று தீட்டிய பேனாவே இதையும் தீட்டிற்று! பேரறிஞரையும் இடறவைத்த இடம் இது.

பிள்ளையைத் தடுத்து நிறுத்துவது தவறு என்று நாம் வாதாடவில்லை. நிலைய வாயிலிலே இனிக்கப் பேசி அழைப்போரெல்லாம் அன்பர் அல்லர். பட்டறைக்குக் கூலியில்லாக் கை வேண்டும். அதைவிடக் கொடிய வாணிகமும் உண்டு. பன்னிரண்டு வயது இதையெல்லாம் அளந்தறியாது. ஆகவே அவன் மறுத்தாலும் தடுத்தே தீரவேண்டும். ஆயினும் காப்பதற்காகப் பிடிப்பது வேறு, 'என் பொருள்' என்று பிடிப்பது வேறு. பிடித்தவர் அடுத்த நொடியிலே கேட்கிறாரா, அறைகிறாரா என்பதிலே வேறுபாடு விளங்கிவிடும்.

2015-ஆம் ஆண்டின் சிறார் நீதிச் சட்டம் ஓடிவந்த பிள்ளையைக் குற்றவாளி ஆக்கவில்லை. பராமரிப்பும் பாதுகாப்பும் தேவைப்படும் குழந்தை என்கிறது. பயண நேரம் நீங்கலாக 24 மணி நேரத்திற்குள் குழந்தைகள் நலக் குழுவின் முன் நிறுத்தவேண்டும். தன்னைப் பற்றிய முடிவிலே பேச அப்பிள்ளைக்கு உரிமை உண்டு. ஐ.நா.வின் 1989 உடன்படிக்கை கூறும் உரிமை அது. 1992-இல் இந்தியாவும் அதை ஏற்றது. 1098 என்ற தொலைபேசி எண் இரவும் பகலும் விழித்திருக்கிறது. இளைஞர்கள் மனத்திலே குறித்துக்கொள்க.

இனிக் குழுவின் முன் நடப்பதைப் பாருங்கள். தாய் அழுவாள், தந்தை கையெழுத்திடுவார். 'இனி ஓடமாட்டேன் என்று சொல்' என்று பிள்ளையிடம் வாக்குக் கேட்பார்கள். ஏன் ஓடினாய் என்று அவனைக் கேட்பவர்கள், அவன் போனதை எப்பொழுது கண்டீர்கள் என்று இல்லத்தாரையும் கேட்கட்டும். காலையிலே போனவனை இரவுச் சோற்றின்போதுதான் தேடினோம் என்று விடை வருமானால், விசாரணையை அங்கிருந்தே தொடங்கலாம்.